ஒரு தறியில் இரண்டு பேர்

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் ஆண் உறுப்பினர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், இரு பக்கக் கரையும் வேறு நிறம் என்று அமையும் இந்தச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் வலப்புறம் உட்கார்ந்து நெய்கிறார். இடப்புறக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் கூடவே இருந்தாக வேண்டும். முன்பு அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவர். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளிக்கூடமும் பிள்ளைகளைத் தறியிலிருந்து மெல்ல விலக்கின. பல வீடுகளில் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தவர் வீட்டுப் பெண்.

தறிக்கு முந்தைய வேலை இதைவிட நீளமானது. பட்டுச் சிட்டத்தை ராட்டையில் சுற்றுவது, ஊடைக்குத் தார் சுற்றுவது, ஜரிகையைச் சிக்கு விழாமல் சுற்றுவது, விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது ஒரு முனையில் நிற்பது, தீர்ந்துபோகும் பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பது என்று அது போகும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இவற்றைச் செய்யும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. பெண்கள் தறியிலேயே உட்கார்ந்து முழுச் சேலை நெய்யும் வீடுகளும் உண்டு. சமையல், தண்ணீர், பிள்ளைகள், வயதான மாமியாரின் மருந்து எல்லாம் இதற்கு வெளியே இருக்கின்றன.

ஒரு சேலை இறங்க வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். கூலி சேலைக் கணக்கில் வருகிறது. உறுப்பினரின் பாஸ் புத்தகத்தில் வரவாகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த உறுப்பினர் ஆண். 'வீட்டுக்காரம்மா கூடமாட ஒத்தாசைக்கு இருப்பாங்க' என்ற ஒரு வரியோடு மற்றவருடைய நாள் முழுவதும் முடிந்துபோகிறது. சேமிப்பு நிதி, ஓய்வூதியம், கடன், காப்பீடு எல்லாம் அந்த ஒரே பெயரைப் பின்தொடர்கின்றன. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் முன்புறச் சிறு சன்னிதிகளில் ஒன்றைக் கட்டிய பல்லவ அரசி ரங்கபதாகையின் பெயர் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது. அதே ஊரில் இன்று பாதிச் சேலையை உருவாக்குபவரின் பெயர் ரசீதில்கூட இல்லை.

பால் பாகுபாடு என்றதும் அடி, வசவு, வரதட்சணை ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. காஞ்சிபுரத்தில் அதன் அன்றாட வடிவம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. யாரும் யாரையும் திட்டாமலே, ஒற்றுமையான குடும்பத்திலும் அது நடக்கும். ஆகவே இந்த மடல் நல்லவர்களை முன்னிட்டே எழுதப்படுகிறது. மற்றவர்களுக்குக் காவல் நிலையம் இருக்கிறது.

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019–20) நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களை 35.22 லட்சம் என்று கணக்கிட்டது. அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் நெய்யும் வடகிழக்கு மாநிலங்கள் இந்த விகிதத்தைத் தூக்கிவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் கைத்தறியை ஆணின் தொழிலாகவும் பெண்ணை அதன் ஓரத்திலும் வைத்துப் பார்க்க இந்த எண் இடம் தருவதில்லை. பார்வை மட்டும் மாறவில்லை. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008) படத்தில் தறியும் துயரமும் சங்கமும் ஆணுக்குரியவை. பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. நல்ல படம். நெசவாளர் என்றால் ஆண் என்ற எண்ணம் அதில் யாருக்கும் உறுத்தவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

வீட்டு வேலையின் கணக்கும் இப்போது அச்சில் இருக்கிறது. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்களை. அந்த 97 நிமிடமும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரிதான். அப்படிக் கை வைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். 2024-இல் மீண்டும் எடுத்தபோது பெண்ணின் நேரம் 289 நிமிடம், ஆணின் நேரம் 88 நிமிடம். இருவருக்கும் குறைந்திருக்கிறது; இடைவெளி அப்படியே நிற்கிறது.

இந்த உழைப்பைத் தமிழ்நாடு அரசு பணத்தால் ஒப்புக்கொண்டதும் காஞ்சிபுரத்தில்தான். மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்த நாளில், அவர் பிறந்த இந்த ஊரில் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். தொகை சிறியது. பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் நேராக விழுகிறது என்பதே அதன் பெரிய அம்சம். அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு சொத்து வழக்கில் அளித்த தீர்ப்பும் இதே திசையில் செல்கிறது. கணவர் வெளியே சம்பாதிக்க, மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால் சேர்ந்த சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று அவர் சொன்னார். அந்தத் தீர்ப்பு மனைவியின் வீட்டு வேலையை அடிப்படையாகக் கொண்டது. நெசவு வீட்டில் மனைவி தொழிலையும் சேர்த்துச் செய்கிறார். அங்கே பங்கைப் பற்றிய வாதம் இன்னும் வலுவானது.

பெண்களின் பக்கம் நின்று பேசிய ஆண்கள் தமிழில் புதியவர்கள் அல்லர். வேதநாயகம் பிள்ளை 1869-இல் 'பெண்மதி மாலை' எழுதினார். பாரதி 1905-இல் 'சக்கரவர்த்தினி' என்ற பெண்கள் இதழுக்கு ஆசிரியராக இருந்தார். ஆனால் இந்த வரிசையில் காஞ்சிபுரத்துக்கு மிக நெருக்கமானது 1925 நவம்பரில் இங்கு நடந்த தமிழ்நாடு காங்கிரஸ் மாகாண மாநாடு. திரு.வி.க. தலைமை வகித்தார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கொடுக்கப்படாததால் பெரியார் வெளியேறினார். அந்தத் தகராறு பெண்களைப் பற்றியது அல்ல. என்றாலும் அன்று ஒரே பந்தலில் பிரிந்த இருவரும் பின்னாளில் பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எழுதிய விதத்தில் இரண்டு வகை ஆண் தோழமைகள் தெரிகின்றன.

திரு.வி.க.வின் 'பெண்ணின் பெருமை' 1927-இல் வந்தது. பெண் கல்வி, கைம்பெண் மறுமணம் எல்லாவற்றுக்கும் அது ஆதரவு. பெண்ணை அது உயர்த்துவது தாய்மையையும் தொண்டையும் அன்பையும் சொல்லி. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' அந்த உயர்த்தலையே சந்தேகித்தது. கற்பு வேண்டுமென்றால் இருவருக்கும் ஒரே அளவில் வேண்டும், சொத்தில் பங்கு வேண்டும், மணவிலக்கு வேண்டும், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் முடிவாக இருக்க வேண்டும் என்று அது போயிற்று. ஆண்கள் தலைமை ஏற்று நடத்தும் பெண் விடுதலை பெண்களை விடுவிக்காது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. அதை எழுதியவரும் ஓர் ஆண்தான். தன் இனத்தின் மேல் இவ்வளவு அவநம்பிக்கை கொண்ட ஒருவரைப் பெண்கள் நம்பினார்கள். 1938 நவம்பரில் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் அவரைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானித்தது.

இவ்விரண்டில் முதல் வகை காஞ்சிபுரத்தில் எளிதாக வேர் பிடிக்கும். இங்குள்ள சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னிதி வைப்பதில்லை. ஊருக்கே காமாட்சிதான் அம்மன் என்பது மரபு. பெண் தெய்வத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஊரில் பெண்ணைப் போற்றுவதற்கு யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. போற்றுதலால் பாஸ் புத்தகத்தில் ஒரு வரியும் மாறாது என்பதுதான் சிக்கல். மார்ச் 8 அன்று கோலப் போட்டி வைத்து, சால்வை போர்த்தி, பரிசுத் தட்டு கொடுத்து அனுப்பும் விழாக்களில் மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

இரண்டாம் வகை சட்டமாக மாறியதற்கும் இந்த வட்டாரமே சாட்சி. 1929 பிப்ரவரியில் பக்கத்துச் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா, முதலமைச்சரானதும் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். புரோகிதர் வேண்டாம், உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும் என்றது 7-அ பிரிவு. ஏற்கெனவே அப்படி நடந்த திருமணங்களுக்கும் அது செல்லுபடித் தன்மை கொடுத்தது. ஊர் ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு அப்படி மணந்தவர்களின் பிள்ளைகள் அதுவரை வாரிசுரிமைக்கே வழக்காட வேண்டியிருந்தது. சொத்துரிமைத் தீர்மானம் நிறைவேற இன்னும் நாள் பிடித்தது. 1989-இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. அப்போது ஏற்கெனவே மணமாகியிருந்த மகள்கள் அதில் விடுபட்டார்கள். 2005-இல் ஒன்றியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தந்தை 2005-இல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. தீர்மானத்திலிருந்து இந்த இடத்துக்கு வர 91 ஆண்டுகள்.

சட்டம் வந்துவிட்டது, பத்திரப்பதிவு அலுவலகத்தில் அது திரும்பிப் போகிறது. அப்பா காலமான பிறகு அண்ணன் தம்பிகள் தங்கையைக் கூப்பிட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது தமிழ்நாடு முழுவதும் நடக்கும் வழக்கம். 'உனக்குத்தான் கல்யாணத்தில் செய்தாயிற்றே', 'பிறந்த வீட்டு உறவு வேண்டாமா' என்பவை அதற்கான வாதங்கள். இரண்டாவது, பேச்சளவில் பாசம், பொருளளவில் மிரட்டல். நெசவாளர் வீட்டில் சொத்து என்றால் பெரும்பாலும் தறி போட்டிருக்கும் அந்த ஒரே வீடுதான். அதை விற்றுப் பிரிக்க முடியாது என்பது நியாயமான கவலை. விற்காமலும் பங்கை மதிக்க வழிகள் இருக்கின்றன. தங்கையின் பங்கைப் பத்திரத்தில் எழுதிவைத்து அனுபவத்தை மட்டும் ஒப்புக்கொடுக்கச் சொல்லலாம். தவணையில் விலை கொடுக்கலாம். குறைந்தபட்சம் கையெழுத்தைக் கேட்காமலே இருக்கலாம். பெண்ணுரிமை பற்றி எவ்வளவு பேசினாலும், ஓர் ஆணின் தோழமைக்கு முதல் தேர்வு இங்கேதான். இழப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் பெண்ணுக்கு ஆதரவாக இருப்பது யாருக்கும் கடினம் அல்ல.

அடுத்த தேர்வு சங்கத்தில். கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு இடங்கள் சட்டப்படி ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒதுக்கீடு நாற்காலியைத் தருகிறது. பேச்சை யாரும் தருவதில்லை. உள்ளாட்சி மன்றங்களில் பெண் உறுப்பினருக்குப் பதிலாகக் கணவர் வந்து உட்காருவதை நாடே பார்த்திருக்கிறது. கூட்டுறவில் அதன் சாயல் இன்னும் அமைதியானது. தீர்மானப் புத்தகம் வீட்டுக்கே போய்க் கையெழுத்தோடு திரும்பும். இப்படிப் போகும் புத்தகத்தை எடுத்துச்செல்ல மறுக்கும் ஓர் ஆண் இயக்குநர், பத்துக் கூட்டத்தில் பெண்ணுரிமை பேசுபவரைவிடப் பயனுள்ளவர். பேரவைக் கூட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்பதும் சின்ன விஷயம் போலத் தோன்றும். அடுப்பு எரியும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு 'பெண்கள் யாரும் வரவில்லை' என்று குறிப்பில் எழுதுவது நேர்மையான பதிவு அல்ல.

உறுப்பினர் பட்டியல்தான் மையமான கேள்வி. தறியில் முழு நேரம் நெய்யும் பெண் தன் பெயரிலேயே உறுப்பினராக வேண்டும். துணைக்கு நாடா தள்ளுபவரும் சுற்று வேலை செய்பவரும் கூட்டு உறுப்பினராகவோ தனி உறுப்பினராகவோ பதியப்பட வேண்டும். அதற்குத் துணை விதியில் திருத்தம் தேவைப்பட்டால், திருத்தத்தைக் கொண்டுவரும் வாக்குகள் இன்று ஆண்களிடம் இருக்கின்றன. இதற்கு எதிராக எப்போதும் சொல்லப்படும் வாதம், 'வீட்டுப் பணம் ஒன்றுதானே, எந்தக் கணக்கில் வந்தால் என்ன' என்பது. கணவர் உயிரோடும் நிதானத்தோடும் வீட்டோடும் இருக்கும்வரை அந்த வாதம் நிற்கும். அவர் இறந்தாலோ விட்டுப்போனாலோ குடியில் விழுந்தாலோ அன்றைக்கு அந்தப் பெண் யார்? இருபது ஆண்டு தறியில் இருந்தவருக்குத் தான் நெசவாளர் என்று காட்ட ஒரு தாள் இருக்காது. நெசவாளர் கடன், ஓய்வூதியம், வீட்டு மானியம் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான். வாரிசாக வாங்கும் உதவியும் உழைத்தவராகப் பெறும் உரிமையும் ஒன்றல்ல.

வீட்டுக்கும் சங்கத்துக்கும் வெளியே தறிக்கூடம் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. ஆண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் பெண்களைப் பற்றி நடக்கும் பேச்சைப் பெண்களால் திருத்த முடியாது, அவர்கள் அங்கே இல்லை. அங்கே இருப்பவர் ஆண். ஆகவே அந்த வேலை அவருடையது. கூலித் தறிக்கு வரும் பெண்ணைப் பற்றிய கேலி, கணவரை இழந்தவர் பட்டு வாங்கக் கடைப் பக்கம் போனால் எழும் கண் ஜாடை, மனைவி பேச்சைக் கேட்பவரைப் பரிகசிப்பது எல்லாம் சிரிப்பில்தான் உயிர் வாழ்கின்றன. ஒருவர் சிரிக்காமல் இருந்தாலே பேச்சு தடுமாறும். 'இதில் என்ன சிரிக்க இருக்கு' என்று ஒருவர் கேட்டால் அடுத்த முறை அதே பேச்சு அவர் முன் வராது. இதற்கு மேடை தேவையில்லை, கைத்தட்டலும் கிடைக்காது. கொஞ்ச நாள் தனியாக டீ குடிக்க நேரலாம்.

பேச்சைத் தாண்டிப் போகும்போது சட்டம் உதவுகிறது. அதை அறிந்திருப்பது ஆண்களின் கடமையிலும் ஒரு பகுதி. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அமைப்புசாராத் தொழிலிடங்களும் வேலை நடக்கும் வீடும்கூட அதன் எல்லைக்குள் வருகின்றன. அப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்பவர்கள் முறையிட மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு கட்டாயம். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களிலும் பெரிய பட்டுக் கடைகளிலும் பெண் ஊழியர்கள் நிறையப் பேர். அங்கே குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர் பெயர்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று இயக்குநர் ஒருவர் கேட்டாலே பாதி வேலை நடந்துவிடும்.

வீட்டுக்குள் விழும் அடிக்கு எதிராகவும் சட்டம் உதவுகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய நெசவாளர் தெருவில் எந்த வீட்டுச் சத்தமும் இரகசியம் இல்லை. 'அது அவங்க குடும்ப விஷயம்' என்ற விலகல்தான் அதை இரகசியமாக்குகிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) பாதிக்கப்பட்டவரே வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. மகளிர் உதவி எண் 181. இதே கருத்தை வைத்து 'பிரேக்த்ரூ' அமைப்பு 2008-இல் ஒரு பிரசாரம் நடத்தியது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடியுங்கள், ஏதாவது ஒரு சாக்குச் சொல்லுங்கள் என்றது அது. மணியை அடிப்பவர்களாக அந்த விளம்பரங்களில் காட்டப்பட்டவர்கள் ஆண்களும் பையன்களும். மும்பையில் ஆண்களே கூடி 1993-இல் அமைத்த 'மாவா' என்ற அமைப்பு, வன்முறைக்கு எதிராக இளைஞர்களோடு வேலை செய்துவருகிறது. கனடாவில் 1989 டிசம்பரில் மாண்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, ஆண்கள் 1991-இல் 'வெள்ளை நாடா' இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெண்கள்மீது வன்முறை செய்யமாட்டோம் என்பதோடு அது நிற்கவில்லை. நடப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கவும் மாட்டோம் என்பது அதன் உறுதிமொழியில் சேர்ந்திருக்கிறது.

நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது தறிக்கு வருவதைவிட ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போவது அதிகம். அங்கும் இதே கேள்விகள் வேறு உடையில் காத்திருக்கின்றன. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2024 ஜூனில் அதே ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. மகள் வேலைக்குப் போக அப்பா பேருந்து ஏற்றிவிடுவதும் தோழமைதான். அவளுக்குக் கல்யாணமானதும் வேலையை விடச் சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரிடம் அதே அப்பா என்ன சொல்கிறார் என்பது அதைவிட முக்கியம். திண்டுக்கல்லில் ஓர் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும் பன்னாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டது. தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாக இருந்து பாலியல் தொல்லையைப் பதிவுசெய்வது அதில் ஒரு கூறு. அங்கே வழிநடத்தியவர்கள் பெண்கள். வழிநடத்த முன்வராமல் அவர்களோடு நிற்கத் தெரிவது எல்லா ஆண்களுக்கும் எளிதாக வருவதில்லை.

துணை நிற்கும் ஆணின் வழக்கமான பிழைகளும் இங்கிருந்தே தொடங்குகின்றன. பெண் பேச வேண்டிய இடத்தில் அவருக்காகப் பேசிவிடுவது ஒன்று. பாதுகாப்பு என்ற பெயரில் போக்குவரத்தையும் செல்பேசியையும் தன் கையில் வைத்துக்கொள்வது இன்னொன்று. 'நான் வீட்டில் காபி போடுவேன்' என்று அவையில் சொல்லிப் பாராட்டு வாங்குவதும் உண்டு. அதே காபியை நாற்பது ஆண்டாகப் போட்டவருக்கு யாரும் பாராட்டு வாசித்ததில்லை.

கடைசியாக, சங்கக் கூட்டங்களில் நிச்சயம் எழும் ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஆணுக்கே கூலி கட்டவில்லை, இதில் பங்கு எங்கே என்பது அது. ஆட்சேபம் பொய் அல்ல. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி இட ஒதுக்கீட்டுச் சட்டத்தையும் மீறி விசைத்தறிச் சேலைகள் கைத்தறி என்று விற்கின்றன. 2005-இல் பெற்ற புவிசார் குறியீடும் போலியை முழுமையாக நிறுத்தவில்லை. பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறும்போது கூலிதான் கடைசியாக ஏறுகிறது. ஆனால் கூலி இவ்வளவு தாழ்ந்து நிற்பதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு சேலைக்குச் செல்லும் உழைப்பில் பாதி எழுதப்படாமல் விடப்படுவதால், எழுதப்பட்ட பாதிக்கு மட்டும் விலை கேட்கப்படுகிறது. வீட்டுப் பெண்ணின் உழைப்பு இலவசம் என்று நெசவாளரே நம்பும் இடத்தில், கடைக்காரர் அதற்குப் பணம் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. பெண்ணுக்குரிய பங்கு நியாயத்தின் பேரில் வர வேண்டியது. ஆணுக்கு லாபம் உண்டா என்று பார்த்துத் தர வேண்டியது அல்ல. அப்படி இருந்தாலும், கூலி நிர்ணயப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கப் பிரதிநிதிகள் ஒரு சேலையின் செலவுத் தாளில் சுற்று வேலைக்கு ஒரு வரி, பாவு வேலைக்கு ஒரு வரி, புதுப் பாவு பிணைப்பதற்கு ஒரு வரி, துணை நாடாவுக்கு ஒரு வரி என்று தனித்தனியாக மணிக்கணக்கோடு எழுதிக்கொண்டு போகலாம். அந்த மணிக்கணக்கைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அதைச் செய்யும் பெண்கள் என்பதால், தாளைத் தயாரிக்கும் கூட்டத்துக்கும் கூலி பேசும் மேசைக்கும் அவர்களும் வர வேண்டியிருக்கும்.